எந்த மண்ணின் கோகோ?

உலகில் கோகோ விதை மிக அதிகமாக வந்திறங்கும் துறைமுகம் நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாம். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து அங்கே வரும் சரக்கில் கணிசமான பகுதி இப்போது சாக்கு மூட்டையில்கூட வருவதில்லை. கப்பலின் சரக்கறையில் அப்படியே கொட்டிக் குவியலாகக் கொண்டுவருகிறார்கள். ஒரு குவியலில் எத்தனை தோட்டத்து விளைச்சல் கலந்திருக்கிறது என்று யாராலும் எண்ணிச் சொல்ல முடியாது. ஐவரி கோஸ்ட்டின் உட்பகுதியில் இரண்டு மூன்று ஹெக்டேர் வைத்திருக்கும் ஒரு குடியானவர் காயை வெட்டி, விதையைப் புளிக்கவைத்து, வெயிலில் உலர்த்தி, ஊருக்கு வரும் தரகரிடம் கொடுக்கிறார். ‘பிஸ்தேர்’ என்று அங்கே அழைக்கப்படும் அந்தத் தரகர் பல ஊர்ச் சரக்கைச் சேர்த்து மொத்த வியாபாரிக்குப் போடுகிறார். அவரிடமிருந்து அபிஜான் அல்லது சான் பெத்ரோ துறைமுகக் கிடங்குக்கு லாரியில் போகிறது. கப்பல் ஏறும்போது விதையோடு மிஞ்சியிருப்பது ஒரு நாட்டின் பெயர். அதுவும் காகிதத்தில்தான்.

இந்தக் காகிதத்தை நம்பலாமா என்பது நெடுங்காலம் வியாபாரிகள் தங்களுக்குள் கேட்டுக்கொண்ட கேள்வி. இப்போது அது காட்டைப் பற்றிய கேள்வியாகிவிட்டது. சூரிக் நகரின் ஈ.டி.எச். பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு ஐவரி கோஸ்ட், கானா ஆகிய இரு நாடுகளின் கோகோ தோட்டங்களையும் வரைபடமாக்கி 2023-இல் வெளியிட்டார்கள். பாதுகாக்கப்பட்ட வனப்பகுதிகளில் நிகழ்ந்த காட்டழிவில் ஐவரி கோஸ்ட்டில் 37 விழுக்காட்டுக்கும் மேல், கானாவில் 13 விழுக்காட்டுக்கும் மேல் கோகோ சாகுபடியோடு தொடர்புடையது என்பது அவர்களுடைய கணக்கு. உலகத்துக் கோகோவில் பாதிக்குமேல் விளைவது இந்த இரண்டு நாடுகளில். ஆக, நாம் தின்னும் சாக்லேட்டில் ஒரு பங்கு, சட்டப்படி வெட்டவே கூடாத மரங்கள் நின்ற இடத்திலிருந்து வருகிறது. எந்தப் பங்கு என்பதுதான் தெரியவில்லை.

அதே 2023-இல் ஐரோப்பிய ஒன்றியம் ஒரு சட்டம் இயற்றியது. 2020 டிசம்பர் 31-க்குப் பிறகு காடழித்து உண்டாக்கிய நிலத்தில் விளைந்த கோகோ, காபி, ரப்பர், செம்பனை எண்ணெய், சோயா, மரம், மாட்டிறைச்சி ஆகியவை ஒன்றியத்துக்குள் நுழையக் கூடாது என்பது அதன் சாரம். இறக்குமதியாளர் ஒவ்வொரு தோட்டத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையையும் புள்ளிக்குப் பிறகு ஆறு இலக்கம்வரை கொடுக்க வேண்டும். நான்கு ஹெக்டேருக்கு மேற்பட்ட நிலமாக இருந்தால் எல்லைக்கோட்டையே வரைந்து காட்ட வேண்டும். சட்டம் நடைமுறைக்கு வரும் நாள் ஒன்றுக்கு மேற்பட்ட முறை தள்ளிப்போயிருக்கிறது. ஆனாலும் அது எழுப்பிய கேள்வி தள்ளிப்போகவில்லை. ஆறு இலக்கத்தில் ஓர் இடத்தை எழுதித்தருவது எவருக்கும் சுலபம். இந்த விதை அந்த இடத்தில்தான் விளைந்தது என்பதற்கு என்ன சான்று? வேதிப் பகுப்பாய்வையும் மரபணுப் பகுப்பாய்வையும் அதிகாரிகள் கையாளலாம் என்று அந்தச் சட்டத்தின் வாசகமே இடம் தருகிறது. விதையைக் கேட்டால் விதை சொல்லிவிடும் என்ற நம்பிக்கை இன்று சோதனைக்கூடங்களைத் தாண்டி வணிக உலகத்திலும் பரவியிருப்பது இதனால்தான்.

விதை சொல்லத்தான் செய்கிறது. எதைச் சொல்கிறது, எவ்வளவு உறுதியோடு சொல்கிறது, எந்த இடத்தில் அதன் பேச்சு நின்றுபோகிறது என்று பிரித்துப் பார்க்காமல் அந்த நம்பிக்கையை வளர்ப்பது ஆபத்து என்று நினைக்கிறேன். ஒரு பொய்யை மறுப்பதற்கும் ஓர் உண்மையை நிறுவுவதற்கும் இடையே உள்ள தூரம் இந்தத் துறையில் மிகப் பெரியது.

முதலில் தண்ணீர். ஆக்சிஜன் அணுக்களில் ஏறக்குறைய 500-க்கு ஒன்று, மற்றவற்றைவிட இரண்டு நியூட்ரான் கூடுதலாகக் கொண்டது. அதன் அணுநிறை 16-க்குப் பதிலாக 18. கனமான அணுவைக் கொண்ட நீர் ஆவியாவதற்குத் தயங்கும், மழையாக இறங்குவதற்கு முந்தும். எனவே கடலிலிருந்து கிளம்பிய மேகம் நிலத்துக்குள் நகர நகர, மலையேற ஏற, அதில் கனமான ஆக்சிஜனின் பங்கு குறைந்துகொண்டே போகும். பெருமழை கொட்டும் பகுதிகளிலும் அது குறையும். பன்னாட்டு அணுசக்தி முகமையும் உலக வானிலை அமைப்பும் சேர்ந்து 1960-களின் தொடக்கத்திலிருந்து உலகெங்கும் மழைநீர் மாதிரிகளைத் திரட்டி அளந்து வருகின்றன. அந்தத் தரவுகளிலிருந்து பூமியின் மழைக்கு ஒரு வரைபடமே உருவாகியிருக்கிறது. மரம் குடிப்பது அந்த மழையைத்தான். அந்த நீரின் ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் விதையின் கொழுப்பிலும் மாவுப்பொருளிலும் சேர்ந்துவிடுகின்றன. விதையை உலர்த்தினால் ஈரம் போகும். ஆனால் கார்பனோடு பிணைந்து கொழுப்புக்குள் அமர்ந்த ஹைட்ரஜன் எளிதில் இடம் மாறாது. உலர்ந்த கோகோ விதையின் எடையில் பாதிக்குமேல் கொழுப்பு என்பது இந்த ஆய்வுக்கு ஒரு நல்வாய்ப்பு.

கார்பனும் நைட்ரஜனும் வேறு விதமான சாட்சிகள். மரம் நிழலில் வளர்ந்ததா, தண்ணீர்ப் பஞ்சத்தில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு வாழ்ந்ததா என்பதைக் கார்பன் ஐசோடோப்புகளின் (ஒரே தனிமத்தின் வெவ்வேறு நிறையுள்ள அணுக்களின்) விகிதம் ஓரளவு காட்டும். நைட்ரஜன், நிலத்துக்குப் போட்டது ஆலை உரமா தொழுவுரமா என்பதைக் காட்டும். பிரான்சின் நான்ட் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு விதையை மொத்தமாக அளப்பதோடு நிற்காமல், அதன் கூறுகளைப் பிரித்தெடுத்துத் தனித்தனியே ஐசோடோப் விகிதம் கண்டு, 2015-இல் முடிவுகளை வெளியிட்டது. விளைந்த இடத்தையும் மரத்தின் வகையையும் ஒருசேர அறிய முடியுமா என்பது அவர்கள் கேள்வி. அந்த ‘ஒருசேர’ என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. அதற்குப் பிறகு வருகிறேன்.

இரண்டாவது, பாறை. என் பார்வையில் இந்த ஆய்வுகளிலேயே நம்பிக்கைக்குரிய பகுதி இது. ருபீடியம்-87 என்ற ஐசோடோப் மெல்லச் சிதைந்து ஸ்ட்ரான்சியம்-87 ஆகிறது. பாதி சிதைய ஏறக்குறைய 4,900 கோடி ஆண்டுகள் வேண்டும்; பூமியின் வயதே சுமார் 454 கோடி ஆண்டுகள்தான். ஆகவே பழம்பாறையில், அதிலும் ருபீடியம் மிகுந்த கருங்கல்லில், ஸ்ட்ரான்சியம்-87-இன் பங்கு கூடுதலாக இருக்கும். அண்மையில் எரிமலை உமிழ்ந்த பாறையில் குறைவாக இருக்கும். பாறை மண்ணாகிறது, மண்ணின் ஸ்ட்ரான்சியத்தை மரம் கால்சியத்தோடு சேர்த்து உறிஞ்சுகிறது. மரத்துக்குள்ளோ, புளிக்கவைக்கும் பெட்டியிலோ, வறுக்கும் உருளையிலோ அந்த விகிதம் குறிப்பிடத்தக்க அளவு மாறுவதில்லை. தென்மேற்கு கானாவின் கீழும் ஐவரி கோஸ்ட்டின் பெரும்பகுதிக்குக் கீழும் கிடப்பது 200 கோடி ஆண்டுகளுக்கு மேற்பட்ட பிரிமியன் பாறைத் தொகுதி. எக்வடோரின் கடலோரச் சமவெளியில் படிந்திருப்பது ஆண்டிஸ் எரிமலைகளிலிருந்து ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த இளமண். இந்த இரண்டு மண்ணில் விளைந்த விதைகளையும் ஒன்றெனக் காட்டுவது மிகக் கடினம்.

ஸ்ட்ரான்சியத்தை மட்டும் பார்க்க வேண்டியதில்லை. விதையை அமிலத்தில் கரைத்து, பல ஆயிரம் டிகிரி வெப்பமுள்ள ஆர்கான் பிளாஸ்மாவுக்குள் செலுத்தி, சிதறும் அயனிகளை நிறைவாரியாகப் பிரித்தால் டஜன் கணக்கான தனிமங்களை ஒரே ஓட்டத்தில் எண்ணிவிடலாம். வட இத்தாலியில் சான் மிகேலே அல் அதிஜே என்ற ஊரில் உள்ள ஆய்வு நிறுவனத்தினர் இந்த வழியில் பல நாட்டுக் கோகோ விதைகளின் தனிம வரிசையை அளந்து 2016-இல் வெளியிட்டார்கள். பேரியம், காட்மியம், அருமண் தனிமங்கள் என ஒவ்வொன்றும் தனியாகச் சொல்வது சொற்பம். எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கையில் ஆப்பிரிக்கா, ஆசியா, அமெரிக்கக் கண்டத்துப் பகுதிகள் ஒன்றையொன்று விட்டு விலகி நின்றன.

காட்மியத்தைப் பற்றிக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஏனெனில் அது யாரும் விரும்பாமல் வந்து சேர்ந்த முத்திரை. காட்மியம் சிறுநீரகத்தைப் பாதிக்கும் கன உலோகம். எக்வடோர், பெரு போன்ற நாடுகளின் சில பகுதிகளில் இளமண்ணில் அது இயல்பாகவே கூடுதல். கோகோ மரம் அதைத் தயங்காமல் விதைக்குக் கொண்டுபோகிறது. எக்வடோர் முழுவதும் 560 இடங்களில் மண், இலை, விதை மாதிரிகள் எடுத்து நடத்திய ஓர் ஆய்வு 2019-இல் வெளியானது. ஒரு கிலோ விதையில் சராசரி 0.90 மில்லிகிராம் காட்மியம் இருப்பதாக அது கண்டது. மேற்கு ஆப்பிரிக்காவின் பழைய, மழையில் நெடுங்காலம் அரித்துப்போன மண்ணில் விளையும் விதையில் இது பல மடங்கு குறைவு. ஐரோப்பிய ஒன்றியம் 2019 ஜனவரி முதல் சாக்லேட்டில் காட்மியத்துக்கு உச்சவரம்பு வைத்திருக்கிறது. கோகோ 50 விழுக்காடும் அதற்கு மேலும் உள்ள சாக்லேட்டில் கிலோவுக்கு 0.80 மில்லிகிராம்.

இந்த வரம்புக்குள் வர ஆலைகள் செய்யும் எளிய வேலை, காட்மியம் மிகுந்த தென்னமெரிக்க விதையோடு ஆப்பிரிக்க விதையைக் கலப்பது. உடல்நலத்துக்கான விதி கலப்பதற்குத் தூண்டுகிறது. காட்டுக்கான விதி இடம் தெரியாததோடு சேராமல் பிரித்து வைக்கச் சொல்கிறது. காட்டுச் சட்டம் கலப்பதைத் தடுக்கவில்லை, கலந்தவை எல்லாவற்றின் இடமும் தெரிந்திருக்க வேண்டும் என்றுதான் கேட்கிறது. ஆனால் கலந்த பிறகு வேதியியல் எதைச் சோதிக்கும்? இரண்டு மண்ணின் அளவுகள் சேர்ந்தால் இரண்டுக்கும் இடைப்பட்ட ஒரு சராசரி கிடைக்கும். அந்தச் சராசரி மூன்றாவதாக ஏதோவொரு நாட்டின் முகத்தைக் காட்டக்கூடும். ஒரே பொருளுக்கு இரண்டு பக்கமிருந்து வந்த இந்த இரண்டு விதிகளும் ஒன்றையொன்று எப்படிப் பாதிக்கும் என்று போதிய அளவு பேசப்படவில்லை என்பது என் குறை.

பாறையும் மழையும் இயற்கை எழுதியவை. விதையில் மனிதர் எழுதியது இன்னொரு பக்கம். காயிலிருந்து வெட்டியெடுத்த விதை வெள்ளைச் சதை மூடி வழவழப்பாக இருக்கும். கசப்பும் துவர்ப்பும் தவிர அதில் சாக்லேட்டின் வாடைகூட இருக்காது. அதைக் குவித்து வாழையிலையால் மூடியோ மரப்பெட்டியில் போட்டோ ஐந்தாறு நாள் விடுகிறார்கள். முதலில் ஈஸ்ட் சர்க்கரையைச் சாராயமாக்கும். பிறகு அசிட்டிக் அமில நுண்ணுயிர்கள் சாராயத்தைப் புளிக்காடியாக்கும். குவியலின் சூடு 45 டிகிரியைத் தாண்டும். விதையின் முளை செத்து, செல்சுவர்கள் உடைந்து, புரதங்கள் துண்டாகி, பாலிஃபீனால்கள் நிறம் மாறும். பின்னால் வறுக்கும்போது வரப்போகும் மணத்துக்கான மூலப்பொருள் இந்தச் சில நாட்களில்தான் தயாராகிறது. நுண்ணுயிர்கள் ஊருக்கு ஊர் வேறு, குவிக்கும் முறை வேறு, கிளறும் நாள் வேறு. எனவே விதையின் கரிமச் சேர்மங்கள் ஊரின் கைப்பழக்கத்தையும் சுமக்கின்றன. ஜெர்மனியின் பிரேமன் நகரில் நிக்கோலாய் கூனர்ட்டும் உடன் ஆய்வாளர்களும் பல நாட்டு விதைகளின் பாலிஃபீனால் வரிசையைப் புளிக்கவைப்பதற்கு முன்னும் பின்னும் அளந்து, நாட்டுக்கு நாடு வேறுபாடு தெரிவதாக 2017-இல் எழுதினார்கள். நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு, கடையில் விற்கும் சாக்லேட்டையே நிறை நிறமாலைமானியில் செலுத்தி அதிலிருந்து விதையின் பூர்விகத்தை ஊகிக்க முயன்றது.

கோகோ வெண்ணெயின் கடினமும் ஒரு துப்பு. காய் முற்றும் காலத்தில் வெப்பம் கூடுதலாக இருந்தால் கொழுப்பு இறுகும், குளிர்ச்சி இருந்தால் இளகும். மலேசியக் கோகோ வெண்ணெய் கெட்டியானது, பிரேசிலின் பாஹியா மாநிலத்து வெண்ணெய் மென்மையானது என்பது சோதனைக்கூடத்துக்கு முன்பே ஆலைக்காரர்களுக்குத் தெரிந்த உண்மை.

இப்போது, இடத்தையும் வகையையும் ஒருசேர அறிவதில் உள்ள அந்தச் சிக்கலுக்கு வருவோம். எக்வடோரின் விதை என்று ஓர் ஆய்வாளர் கொண்டுவரும் பத்து மாதிரிகள் நசியோனல் வகையைச் சேர்ந்தவையாக இருக்கலாம். கானாவிலிருந்து வருபவை வேறு வகையின் கலப்பினங்கள். இரண்டுக்கும் வேதியியல் வேறுபாடு தெரிந்தால் அது மண்ணின் வேறுபாடா, இரத்தத்தின் வேறுபாடா? தியோபுரோமின், காஃபீன் ஆகிய இரண்டின் விகிதத்தை எடுத்துக்கொண்டால், அதைப் பெரும்பாலும் தீர்மானிப்பது மரத்தின் வகைதான். உலகத்துக் கோகோ மரங்களைப் பத்து மரபணுக் கூட்டங்களாகப் பிரிக்கலாம் என்று மோட்டமயோரும் சக ஆய்வாளர்களும் 2008-இல் காட்டினார்கள். அவற்றில் சில மட்டுமே உலகெங்கும் சென்று பரவின. அமேசான் காட்டின் மேற்கு மூலையில் பிறந்த மரம் இன்று ஆப்பிரிக்காவில் கொட்டி விளைகிறது என்றால், அதன் மரபணுவைப் படித்தால் தெரிவது அதன் குலம்; அது நின்ற நிலம் அல்ல.

குலம் தெரிவதே சில வழக்குகளுக்குப் போதும். எக்வடோரில் பூமணம் கொண்ட நசியோனல் கோகோவுக்கு ‘அரிபா’ என்ற பெயரில் 2008-இல் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. அதே நாட்டில் 1960-களில் நாரன்ஹாலில் ஒமேரோ காஸ்த்ரோ உருவாக்கிய சி.சி.என்.-51 என்ற ஒட்டுவகை மிகுதியாகக் காய்க்கும், நோயைத் தாங்கும், மணத்தில் குறைந்தது. விலையுயர்ந்ததோடு இதைக் கலந்து விற்பது அங்கே நெடுநாள் புகார். ஹாம்பர்க் பல்கலைக்கழகத்தில் இவற்றை டி.என்.ஏ. வழியே பிரித்தறியும் முறைகளை உருவாக்கியிருக்கிறார்கள். அமெரிக்க வேளாண் துறையின் தபெங் ஜாங் குழுவினர், பெருவில் விளையும் ஃபோர்ச்சுனாட்டோ என்ற அரிய வகை விதை அசல்தானா என்பதை ஒரே ஒரு விதையின் டி.என்.ஏ.-விலிருந்து கண்டறியலாம் என்று 2014-இல் நிரூபித்தார்கள்.

இந்த சி.சி.என்.-51 வகையையே இன்னொரு வேலைக்குப் பயன்படுத்தலாம் என்று தோன்றுகிறது. அது ஒட்டுவகை, மரத்துக்கு மரம் மரபணு ஒன்றே. எக்வடோரைத் தாண்டிப் பெரு, பிரேசில் என்று பல இடங்களில் நட்டிருக்கிறார்கள். ஒரே குலம் வெவ்வேறு மண்ணில் நிற்கிறது. இதற்கு நேர் எதிரானது டிரினிடாடில் உள்ள பன்னாட்டுக் கோகோ மரபணு வங்கி. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வகைகள் அங்கே ஒரே மண்ணில், ஒரே மழையில் வளர்கின்றன. முதலாவதில் மாறுவதெல்லாம் இடம், இரண்டாவதில் மாறுவதெல்லாம் குலம். இரண்டையும் ஒரே முறையில் புளிக்கவைத்து அளந்தால், விதையின் ஒவ்வொரு குறியும் எதற்குச் சொந்தம் என்று பிரித்துவிடலாம். சந்தையில் கிடைத்த மாதிரிகளை வாங்கிக் கணினியில் போட்டு ‘95 விழுக்காடு சரியாக வகைப்படுத்தியது’ என்று எழுதும் கட்டுரைகளைவிட இத்தகைய பொறுமையான வேலைக்கு மதிப்பு அதிகம். ஐம்பது அறுபது மாதிரிகளிடம் ஐம்பது தனிமங்களைக் கேட்டால், இல்லாத ஒழுங்கைக்கூடக் கணினி கண்டுபிடித்துக் கொடுத்துவிடும். ஓர் அறுவடையின் விதைகளை வைத்துப் பழக்கிய கணக்கு, அடுத்த ஆண்டு மழை மாறியபின் அதே ஊர் விதையை அடையாளம் காண்கிறதா என்பதுதான் உண்மையான சோதனை. பல ஆய்வுகள் அந்த இரண்டாம் ஆண்டுக்குப் போவதே இல்லை.

விதை பிறந்த இடத்தின் சான்றோடு, அது நடந்துவந்த வழியின் சான்றையும் கொண்டிருக்கும். இதைக் காட்டிய ஆய்வு ஈயத்தைப் பற்றியது. ராங்கினும் பிறரும் 2005-இல் வெளியிட்ட அந்த ஆய்வில், நைஜீரியத் தோட்டங்களிலிருந்து நேரடியாக எடுத்த கோகோ விதைகளின் உட்பருப்பில் ஈயம் சராசரியாக ஒரு கிராமுக்கு 0.5 நானோகிராம் அல்லது அதற்கும் கீழ். இயற்கை உணவுகளில் பதிவான மிகக் குறைந்த அளவுகளில் ஒன்று. ஆனால் கடையில் வாங்கிய கோகோப் பொருட்களில் அது நூறு மடங்குக்கு மேல். விதையின் மேல்தோலில் 160 நானோகிராம் அளவுக்கு இருந்தது. ஈயத்தின் ஐசோடோப் விகிதங்களைப் பார்த்தபோது தோலில் ஒட்டியிருந்தது, அந்நாட்டில் அப்போது புழக்கத்தில் இருந்த ஈயம் கலந்த பெட்ரோலின் ஈயத்தோடு ஒத்துப்போனது. தோட்டத்து மண்ணிலிருந்து ஈயம் வரவில்லை. வெயிலில் உலர்த்தும்போதும், சரக்காகப் போகும்போதும், ஆலைக்குள் நுழைந்த பிறகும் வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. மேல்தோலோடு அரைத்துச் சோதித்தால் நாம் படிப்பது தோட்டத்தையா சாலையையா என்று தெரியாமல் போகும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு இல்லை. சாக்லேட்டுக்குப் போனால் நிலைமை இன்னும் மோசம். கோகோத் தூளைக் காரமேற்றப் போடும் பொட்டாசியம் கார்பனேட் பொட்டாசியத்தின் அளவை மாற்றிவிடும், எஃகு உருளைகள் இரும்பையும் நிக்கலையும் சேர்க்கும், பாலும் சர்க்கரையும் தத்தம் ஊரின் மழையைக் கொண்டுவரும்.

இத்தனையையும் சீர்செய்துவிட்டதாகவே வைத்துக்கொள்வோம். தோல் நீக்கிய, கலக்காத, வகை தெரிந்த விதை கையில் இருக்கிறது. எவ்வளவு துல்லியமாக இடம் சொல்லலாம்? கண்டம் சொல்லலாம். பல நேரங்களில் நாடு சொல்லலாம். எக்வடோர் என்று எழுதிய மூட்டைக்குள் இருப்பது மேற்கு ஆப்பிரிக்க விதை என்றால் அதை மறைக்க முடியாது. ஆனால் இன்றைய கோகோ உலகத்தின் பெரிய கேள்விகள் அந்த அளவில் இல்லை. கானாவிலும் ஐவரி கோஸ்ட்டிலும் விவசாயிக்குத் தர வேண்டிய விலையை அரசு அமைப்புகள் நிர்ணயிக்கின்றன. எந்தப் பக்கம் விலை கூடுதலோ அந்தப் பக்கம் எல்லை தாண்டி விதை கடத்தப்படும். நியூயார்க் சந்தையில் டன் விலை 10,000 டாலரைத் தாண்டிய 2024-இல் இது கடுமையாயிற்று. அந்த எல்லைக்கோட்டின் இருபுறமும் கிடப்பது ஒரே பிரிமியன் பாறை. இருபுறமும் பெய்வது கினி வளைகுடாவின் ஒரே மழை. நடப்பட்டிருப்பவை நெருங்கிய உறவுள்ள மரங்கள். கோடு ஐரோப்பிய ஆட்சியாளர்கள் மேசையில் போட்டது. அது எந்தத் தனிமத்துக்கும் தெரியாது.

காட்டின் கேள்வி அதைவிடவும் நுணுக்கமானது. பாதுகாக்கப்பட்ட வனத்தின் வேலிக்கு உள்ளே விளைந்ததையும் வெளியே இருநூறு மீட்டரில் விளைந்ததையும் பிரிக்க வேண்டும். பாறை ஒன்று, மழை ஒன்று, மரத்தின் வகை ஒன்று, புளிக்கவைக்கும் பழக்கமும் ஒன்று. புதிதாக வெட்டிய காட்டு மண்ணில் இலைச்சருகின் சத்து மிகுந்திருக்கும். நைட்ரஜனிலும் மாங்கனீசிலும் அதன் சுவடு தெரியலாம் என்று ஊகிக்க இடமுண்டு. ஆனால் ஓர் இறக்குமதியாளரைத் தண்டிப்பதற்கோ ஒரு குடியானவரின் விளைச்சலைத் தள்ளுவதற்கோ அந்த ஊகம் போதாது. சட்டம் கேட்பது ஆறு இலக்கத் துல்லியம். விதை தருவது ஒரு வட்டாரம். இந்த இடைவெளியைக் கருவியின் கூர்மை தீர்க்காது. ஏனென்றால் குறை கருவியில் இல்லை. இரண்டு இடங்கள் உண்மையிலேயே ஒன்றுபோல் இருக்கும்போது எந்தக் கருவியாலும் அவற்றை வேறுபடுத்த முடியாது.

அப்படியானால் இந்தச் சோதனைகளின் இடம் எது? அறிவிக்கப்பட்ட இடத்தோடு விதை ஒத்துப்போகிறதா என்று பார்க்கும் இடம். ஒத்துப்போகவில்லை என்றால் அது வலிமையான சான்று. மேற்கொண்டு விசாரிக்கக் காரணம் கிடைத்துவிட்டது. ஒத்துப்போகிறது என்றால் அதற்குப் பொருள், ‘இதே வட்டாரமாக இருக்கலாம்’ என்பது மட்டுமே. அதற்கு மேல் நிரூபிக்க வேண்டியதைச் செயற்கைக்கோள் படமும், கூட்டுறவுச் சங்கத்தின் எடைச்சீட்டும், ‘இந்த இரண்டு ஹெக்டேர் இவ்வளவு விளையுமா’ என்ற எளிய கணக்கும்தான் நிரூபிக்கும். ஒரு சிறு தோட்டம் தன் சக்திக்கு மூன்று மடங்கு விற்றதாகக் கணக்கு காட்டினால், மிச்சம் எங்கிருந்தோ வருகிறது என்று கண்டறிய நிறமாலைமானி வேண்டாம்.

ஒப்பிட்டுப் பார்க்க மாதிரி வேண்டும் என்பது அடுத்த தடை. மரத்தடியில் நின்று பறித்து, இடம் குறித்து, அளந்து வைத்த விதைகளின் தொகுப்பு இல்லாமல் எந்தச் சோதனைக்கும் பொருளில்லை. இதை நம் பக்கத்து நிலத்தைக் கொண்டே விளக்கலாம். தமிழ்நாட்டுக்குக் கோகோ புதிதல்ல. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் 1798-இல் குற்றாலத்தில் நட்டதாகப் பதிவு இருக்கிறது. இன்று பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக அது நிற்கிறது; அங்கு விளைந்த விதையை ஊர்ப்பெயரோடு சாக்லேட்டாக்கி விற்கும் சிறு நிறுவனங்களும் வந்துவிட்டன. பாலக்காட்டுக் கணவாய்க்கு அருகில் உள்ள அந்த நிலத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் வருகிறது, வடகிழக்குப் பருவமழையும் வருகிறது. தென்னிந்தியாவில் இந்த இரண்டு மழையின் ஆக்சிஜன் விகிதமும் ஒன்றல்ல. வடகிழக்குப் பருவமழையில் கனமான ஆக்சிஜன் குறைவு. போதாக்குறைக்குச் சொட்டுநீரில் மரம் குடிப்பது கிணற்று நீரையும் ஆழ்துளைக் கிணற்று நீரையும். கணவாய்க்கு மேற்கே கேரளத்தில் விளையும் விதையையும் இதையும் ஆக்சிஜன் பிரித்துக் காட்டுமா, காட்டாதா? உலக மழை வரைபடத்தைப் பார்த்து விடை சொல்ல முடியாது. இரு பக்கத்துத் தோப்பிலும் போய்ப் பறித்து அளக்க வேண்டும், பல பருவங்களுக்கு.

அதே வேலையைப் பல மடங்கு பெரிதாக மேற்கு ஆப்பிரிக்காவில் செய்ய வேண்டியிருக்கிறது. அதை யார் செய்வது, அதில் உருவாகும் தொகுப்பு யார் கையில் இருப்பது என்பதில் எனக்குக் கவலை உண்டு. இதுவரை பெரும்பாலான அளவீடுகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்தவை. சில ஆய்வுகளுக்குப் பணமும் விதையும் பெரிய சாக்லேட் நிறுவனங்களிடமிருந்தே வந்தன. தொகுப்பு ஒரு நிறுவனத்தின் பூட்டுக்குள் இருந்தால், ‘உன் விதை உன் ஊருடையது அல்ல’ என்று சொல்லப்படும் குடியானவர் அந்தத் தீர்ப்பை எதிர்த்து எங்கே போவார்? ஒரு நூற்றாண்டுக்கு நெருங்கிய அனுபவம் உள்ள கோகோ ஆராய்ச்சி நிலையம் கானாவின் தாஃபோவில் 1938-இலிருந்து இருக்கிறது. கானாவில் ஏற்றுமதிக்கு முன் மூட்டைகளைத் தரம் பிரித்து முத்திரையிடும் அரசுப் பிரிவு ஏற்கெனவே வேலை செய்கிறது. மாதிரி எடுக்கும் பழக்கம் அவர்களுக்குப் புதிதல்ல. முத்திரையிடும் அதே கையால் ஒவ்வொரு வட்டாரத்திலிருந்தும் ஆண்டுதோறும் ஒரு பிடி விதையை இடம் குறித்து எடுத்து வைக்கச் செய்யலாம். அளவீட்டு முறையையும் தரவுகளையும் திறந்து வைக்கலாம். தொகுப்பில் வனத்துக்குள் சட்டவிரோதமாக விளைந்த விதையும் இடம்பெற வேண்டும். பிடிபட்ட சரக்கிலிருந்து எடுத்த விதை அதற்கு உதவாது, ஏனென்றால் அதன் இடம் யாரோ சொன்னதுதான். அதிகாரிகளே தோட்டத்துக்குள் போய்ப் பறித்ததாக இருக்க வேண்டும். அந்த விதைகளும் வேலிக்கு வெளியே விளைந்தவையும் ஒன்றுபோல் இருக்கின்றன என்று முடிவு வந்தால் அதையும் வெளியிட வேண்டும். அப்போது காட்டைக் காக்கும் பொறுப்பு எந்த அளவுக்குச் சோதனைக்கூடத்துடையது, எந்த அளவுக்கு வனக்காவலருடையது, விவசாயிக்குத் தரும் விலையை முடிவுசெய்வோருடையது எந்த அளவு என்று எல்லோருக்கும் தெளிவாகிவிடும்.